தடித்த தகட்டை வீட்டிலேயே மடித்து சேசிஸ் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆம்ப்ளிஃபயர், பவர் சப்ளை, அளவுக்கருவி என்று எதையாவது தானே கட்டுகிறவர்கள் சர்க்யூட்டை ஓடவைத்துவிடுகிறார்கள். அதற்கு ஒரு உலோகப் பெட்டி, அதாவது சேசிஸ், செய்யும்போதுதான் நின்றுபோகிறார்கள். மெல்லிய தகடு கைக்கு வளையும், ஆனால் டிரான்ஸ்ஃபார்மரை ஏற்றினால் தொய்யும். தடித்த தகடு எதையும் தாங்கும், ஆனால் மடிய மறுக்கும். இது பற்றித் திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

தடித்த தகடு என்று எதைச் சொல்கிறீர்கள்? எனக்கு எவ்வளவு தடிமன் வேணும்?

இந்தப் பக்கத்தில் தடித்தது என்றால் அலுமினியத்தில் 2 முதல் 3 மி.மீ., இரும்பில் 1.5 முதல் 2 மி.மீ. அதற்குக் கீழே என்றால் இரண்டு மரக்கட்டைக்கு நடுவில் பிடித்து வளைத்துவிடலாம். மேலே போனால் ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிற பட்டறைக்குக் கொடுப்பதுதான் சரி.

தட்டையான தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் (தடிமன் × தடிமன் × தடிமன்) கூடும். 2 மி.மீ.யிலிருந்து 3 மி.மீ.க்குப் போனால் விறைப்பு மூன்று மடங்குக்கும் மேல் ஏறுகிறது. ஆனால் விளிம்பை 12 மி.மீ. மடித்துவிட்டாலே தகடு அதைவிட அதிகமாக விறைத்துக்கொள்ளும். அதனால் நன்றாக மடித்த 2 மி.மீ. அலுமினியமே பெரும்பாலான பெட்டிகளுக்குப் போதும். பல கிலோ டிரான்ஸ்ஃபார்மர் நடுவில் உட்காரப்போகிறது என்றால் மட்டும் 3 மி.மீ. யோசியுங்கள்.

அலுமினியமா, இரும்பா? எதில் செய்தால் நல்லது?

முதல் பெட்டி என்றால் அலுமினியம். வெட்ட, துளைக்க, அரம் போட எல்லாமே எளிது. எடையும் மூன்றில் ஒரு பங்குதான்: 300 × 200 மி.மீ. அளவில் 2 மி.மீ. தகடு அலுமினியத்தில் சுமார் 325 கிராம், இரும்பில் 940 கிராம் வரும். வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும். சின்ன ரெகுலேட்டருக்குப் பெட்டியே ஹீட் சிங்க் ஆகிவிடும்.

இரும்பு மலிவு, வெல்டிங் செய்யலாம், நூல் வெட்டினால் பிடிக்கும். ஆனால் அது காந்தத்தால் ஈர்க்கப்படும். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் இரும்புச் சேசிஸ் வழியாகப் பரவி, பக்கத்தில் இருக்கிற நுட்பமான பகுதியில் ரீங்காரமாக வரலாம். அலுமினியத்தில் இந்தத் தொல்லை குறைவு. அதே சமயம், தாழ்ந்த அலைவரிசைக் காந்தப்புலத்தை அலுமினியம் தடுக்கவும் தடுக்காது. மின்புலத்தையும் ரேடியோ அலைகளையும்தான் மறைக்கும். எந்த உலோகமானாலும் டிரான்ஸ்ஃபார்மரைத் தள்ளி வைப்பதற்கு மாற்று இல்லை.

16 கேஜ் தகடு கேட்டு வாங்கினேன், அளந்தால் வேற அளவு வருது. ஏமாத்திட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. கேஜ் என்பது தகட்டின் தடிமனைக் குறிக்கும் எண், எல்லா முறையிலும் அது ஒரே அளவு இல்லை. பிரிட்டிஷ் எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கில் 16 கேஜ் என்றால் 1.63 மி.மீ. அமெரிக்க முறையில் அலுமினியத்துக்கு 16 கேஜ் 1.29 மி.மீ., இரும்புத் தகட்டுக்கு 1.52 மி.மீ. அதனால் கேஜ் எண்ணை விட்டுவிட்டு மி.மீ.யில் கேளுங்கள், வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள். கீழே வருகிற எல்லாக் கணக்கும் அந்தத் தடிமனை நம்பித்தான் நிற்கிறது.

அலுமினியத்தை மடிக்கும்போது வெளிப்பக்கம் விரிசல் விட்டுடுச்சு. என் மடிப்பு தப்பா, தகடு தப்பா?

மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, தகட்டின் ரகம். 1100, 3003, 5052 ஆகிய ரகங்கள் மடிப்பதற்கு இணக்கமானவை. தடித்த சேசிஸுக்கு என் விருப்பம் 5052-எச்32 (எச்32, டி6 என்பவை தகட்டை எப்படி இறுக்கியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் குறிகள்). உறுதியும் இருக்கும், மடிக்கவும் மடியும். 6061-டி6 இயந்திர பாகங்களுக்கு அருமையான ரகம், ஆனால் கூர்மையாக மடித்தால் உடையும். அதற்குத் தடிமனைப் போல மூன்று நான்கு மடங்கு உள்வளைவு ஆரம் கொடுக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கிற, பெயர் தெரியாத விறைப்பான அலுமினியம் பல சமயம் இந்த வகைதான்.

இரண்டாவது, மடிப்பின் கூர்மை. உள்பக்கத்து ஆரம் குறைந்தது தகட்டின் தடிமன் அளவாவது இருக்கட்டும்: 2 மி.மீ. தகட்டுக்கு 2 மி.மீ. மடிப்புக்கு ஆதாரமாக வைக்கிற இரும்பு ஆங்கிளின் (‘L’ வடிவக் கம்பியின்) வெளிமூலை பெரும்பாலும் கூராகத்தான் இருக்கும். அதை அரம் போட்டு உருட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் மடித்தால் அந்த விளிம்பு தகட்டுக்குள் பதிந்து, மடிப்பு அங்கேயே மெலிந்துபோகும்.

மூன்றாவது, தகட்டின் ஓட்டம். உருட்டாலையில் உருண்ட திசையில் தகட்டின் மேல் மெல்லிய கோடுகள் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பிடிபடும். மடிப்புக் கோடு அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே போக வேண்டும், கூடவே போகக் கூடாது. இரண்டு திசையிலும் மடிப்பு இருந்தால், கூர்மையான மடிப்புகளுக்கு நல்ல திசையைக் கொடுங்கள். மடிப்புக் கோட்டை ஸ்கிரைபரால் (கோடு போடும் கூர் ஊசியால்) கீறவும் வேண்டாம், அந்தக் கீறலில்தான் விரிசல் தொடங்கும். வெட்ட வேண்டிய கோட்டை மட்டும் கீறுங்கள், மடிப்புக் கோட்டுக்கு மார்க்கர் போதும்.

மடிக்கிற மெஷின் இல்லை. வைஸும் சுத்தியும்தான் இருக்கு. முடியுமா?

முடியும், சுத்தியலைக் கடைசி வரை தொடாமல் இருந்தால். தகட்டைவிட நீளமான இரண்டு கனமான ஆங்கிள்களுக்கு நடுவில் மடிப்புக் கோடு வரும்படி தகட்டை வையுங்கள். நடுவில் வைஸ் பிடிக்கட்டும், இரண்டு முனையிலும் சி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். தகட்டுக்கும் ஆங்கிளுக்கும் இடையில் ஒரு தாள் வைத்தால் கீறல் விழாது.

அப்புறம், வெளியே நிற்கிற பகுதியின் முழு நீளத்துக்கும் ஒரு கெட்டியான மரப்பலகையைச் சேர்த்துப் பிடித்து, மடிப்புக்கு ஒட்டினாற்போல உடம்பின் எடையைக் கொடுத்துத் தள்ளுங்கள். 60, 70 டிகிரி வரை இப்படியே வந்துவிடும். மிச்சத்துக்கு ஒரு கடின மரக்கட்டையை மடிப்பின் மேல் வைத்து, அந்தக் கட்டையை அடியுங்கள். ஒரு முனையில் தொடங்கி மறு முனை வரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போய், திரும்பவும் முதலிலிருந்து வர வேண்டும். ஒரே இடத்தில் முழுதாக மடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போனால் தகடு முறுக்கிக்கொள்ளும்.

இரும்புச் சுத்தியலால் தகட்டின் மேலேயே அடித்தால் அடிபட்ட இடம் மெலிந்து நீளும். நீண்ட உலோகம் போக இடம் இல்லாமல் விளிம்பு அலை அலையாகிவிடும். அதை எந்த அரத்தாலும் சரிசெய்ய முடியாது.

எவ்வளவு பலம் தேவைப்படும்? கையாலேயே மடிக்க முடியுமா?

தோராயமாகக் கணக்குப் போடலாம். தகட்டின் இளகு வலிமை (அது நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம்) × மடிப்பின் நீளம் × தடிமனின் வர்க்கம் ÷ 4. இதுதான் மடிக்கத் தேவையான முறுக்கம். 300 மி.மீ. நீள மடிப்பு, 2 மி.மீ. தடிமன், 5052-எச்32 (சுமார் 190 மெகாபாஸ்கல்) என்றால் 57 நியூட்டன்-மீட்டர். 400 மி.மீ. நெம்புகோலின் நுனியில் அது சுமார் 15 கிலோ எடை. உலோகம் மடிய மடிய இறுகுவதையும் உராய்வையும் சேர்த்து இன்னும் பாதி கூட்டிக்கொள்ளுங்கள். ஒருவரால் தாராளமாக முடிகிற வேலை.

தடிமன் வர்க்கத்தில் வருவதால் அதே தகடு 3 மி.மீ. என்றால் இரண்டேகால் மடங்கு ஆகும்: நுனியில் 33 கிலோ, கூட்டினால் 50. அப்போது நெம்புகோலை நீட்டுங்கள். நீட்டும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த விசை முழுவதும் மேசைக்கும் போகிறது. மேசை தரையோடு நிற்காவிட்டால் தகடு மடியாது, மேசைதான் கவிழும்.

நானே ஒரு மடிப்புக் கருவி செய்துக்கலாமா? கீலை எங்கே வைக்கணும்?

இரண்டுக்கு மேல் பெட்டி செய்வதாக இருந்தால் கட்டாயம் செய்யுங்கள். 50 × 50 × 6 மி.மீ. ஆங்கிள் மூன்று துண்டு வேண்டும். ஒன்று மேசையில் பொருத்துகிற படுகை, ஒன்று கீலில் ஆடுகிற மடிப்பிலை, மூன்றாவது தகட்டை மேலிருந்து அமுக்குகிற பட்டை. மடிப்பிலைக்கு இரண்டு கைப்பிடி.

கீலின் ஊசி மையம் இருக்கும் இடம்தான் இதன் உயிர். படுகையின் மேல்தளமும் மடிப்பிலையின் மேல்தளமும் சந்திக்கிற கோட்டிலேயே, அதாவது தகட்டின் அடிப்பரப்பு மட்டத்திலேயே, அந்த மையம் வர வேண்டும். கீழே போனாலோ வெளியே தள்ளினாலோ மடிப்பிலை தகட்டின் மேல் உராய்ந்து இழுத்துக்கொண்டே போகும். தகட்டில் சிராய்ப்பு விழும், மடிப்பும் பெருத்த வளைவாக வரும். கதவுக் கீலை அப்படியே மேலே திருகினால் இந்த இடம் அமையாது. இரண்டு ஆங்கிளின் மூலையிலும் கீல் உருளைக்கு இடம் வெட்டி, பதித்துப் பொருத்த வேண்டும்.

அமுக்கும் பட்டையின் முன்விளிம்பைப் படுகை விளிம்பிலிருந்து தகட்டின் தடிமன் அளவாவது பின்னால் தள்ளி வையுங்கள். தள்ளாமல் வைத்தால் மடிந்து நிமிர்கிற தகட்டுக்கு நிற்க இடம் இருக்காது.

ஓரத்தில் சரியா 90 வருது, நடுவில் மட்டும் விரிஞ்சிருக்கு. ஏன்?

கருவி நடுவில் வளைகிறது. அமுக்கும் பட்டையை இரண்டு முனையில் மட்டும் போல்ட் போட்டு இறுக்கினால், நடுவில் அது மேலே தூக்கிக்கொள்ளும். மடிப்பிலையும் அதேபோல் பின்னால் வளையும். பட்டையின் முதுகில் இன்னொரு ஆங்கிளை வெல்டிங் செய்யுங்கள் அல்லது போல்ட் போடுங்கள். அதற்கும் மீறிக் கொஞ்சம் மிச்சம் இருந்தால், பட்டைக்கும் தகட்டுக்கும் இடையில் நடுப்பகுதியில் மட்டும் ஒரு தாள் பட்டை வையுங்கள். முன்பு சொன்ன மரக்கட்டையை நடுவில் வைத்து மெதுவாகத் தட்டியும் சரிசெய்யலாம்.

90 டிகிரி வரைக்கும் மடிக்கிறேன், விட்டதும் திரும்பி விரியுது.

எல்லா உலோகமும் கொஞ்சம் திரும்பும். விறைப்பான ரகம் அதிகமாகத் திரும்பும், பெரிய ஆரத்தில் மடித்தால் இன்னும் அதிகம். 5052 தகட்டைத் தடிமன் அளவு ஆரத்தில் மடித்தால் இரண்டு மூன்று டிகிரி எதிர்பார்க்கலாம். அதனால் 92, 93 வரை மடித்து விடுங்கள். உங்கள் தகட்டுக்கு எவ்வளவு என்பதை அடுத்த பதிலில் வருகிற சோதனைத் துண்டே சொல்லிவிடும். அந்தக் கோணத்தில் மடிப்பிலை நிற்கிற மாதிரி ஒரு தடுப்பு வைத்துவிட்டால் எல்லா மடிப்பும் ஒன்றுபோல் வரும்.

60 + 200 + 60 என்று கூட்டி 320 மி.மீ. வெட்டினேன். மடிச்சதும் பெட்டி பெரிசாயிடுச்சு!

வெளி அளவுகளைக் கூட்டினால் மூலைகளை இரண்டு முறை எண்ணியதாக ஆகும். மடிப்பில் தகடு மூலையைச் சுற்றி வளைந்து குறுக்கு வழியில் போகிறது. அதனால் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு கழிவு உண்டு.

இதைச் சூத்திரத்தில் கண்டுபிடிப்பதைவிடத் துண்டு வைத்துக் கண்டுபிடிப்பது நம்பகமானது. அதே தகட்டிலிருந்து சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள், 30 மி.மீ. அகலம் போதும். 50-இல் கோடு போட்டு, பெட்டிக்கு எப்படி மடிக்கப்போகிறீர்களோ அப்படியே 90 டிகிரி மடியுங்கள். இரண்டு காலையும் வெளிப்பக்கம் அளந்து கூட்டுங்கள். 103.5 வந்தால் கழிவு 3.5 மி.மீ. இரண்டு காலும் சமமாக இல்லாவிட்டால், அந்த வித்தியாசத்தில் பாதியளவு உங்கள் கோடு கருவியில் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அடுத்த முறை அவ்வளவு நகர்த்தி வையுங்கள்.

கணக்கோடு ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு: 90 டிகிரிக்கு வளைவின் நீளம் 1.57 × (உள் ஆரம் + கே × தடிமன்). கே என்பது, வளையும்போது நீளம் மாறாத அடுக்கு உள்பரப்பிலிருந்து தடிமனில் எத்தனை பங்கு தள்ளி இருக்கிறது என்பதைச் சொல்கிற எண், 0.33-க்கும் 0.5-க்கும் இடையில் இருக்கும். 2 மி.மீ. தகடு, 2 மி.மீ. ஆரம், கே 0.42 என்று எடுத்தால் வளைவு 4.46 வரும். கழிவு 2 × (2 + 2) − 4.46, அதாவது 3.54. ஆக உங்கள் பெட்டிக்கு வெட்ட வேண்டியது 320 − 7 = 313 மி.மீ.

மடிப்புக் கோட்டில் கிரைண்டரால் பள்ளம் போட்டு மடிச்சா சுலபமாமே?

சுலபம்தான். உள்பக்கம் பாதித் தடிமன் வரை பள்ளம் போட்டால் வேண்டிய பலம் கால் பங்காகக் குறையும், மூலையும் கூர்மையாக வரும். ஆனால் மிச்சம் இருக்கிற பாதிதான் இனிமேல் எல்லாச் சுமையையும் தாங்கும். பள்ளத்தின் ஆழம் ஒரே சீராக இல்லாவிட்டால் மெல்லிய இடத்தில் கிழியும். அலுமினியத்தில் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். இரும்பில் மடித்த பிறகு உள்மூலையை வெல்டிங்கால் நிரப்ப முடிந்தால் செய்யலாம். இல்லையென்றால் உள்ளே ஒரு சின்ன ஆங்கிளை ரிவிட் அடித்துத் தாங்கல் கொடுங்கள்.

சூடு பண்ணினா இளகுமா?

அலுமினியம் இளகும், ஆனால் அது சிவக்காமலே உருகிவிடுகிற உலோகம். 6061 ரகம் 580 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகத் தொடங்கும். இளக்குவதற்கு வேண்டியது 350 முதல் 410 டிகிரி. மடிப்புக் கோட்டின் மேல் சோப்புக் கட்டியால் கோடு தேய்த்து, மறுபக்கத்திலிருந்து கேஸ் டார்ச்சை நகர்த்திக்கொண்டே காட்டுங்கள். சோப்பு பழுப்பாகிக் கறுத்ததும் நெருப்பை எடுத்துவிடுங்கள். தானாக ஆறவிட்டு மடியுங்கள். அந்தப் பட்டை பழைய வலிமையை இழந்திருக்கும், பெட்டிக்கு அது ஒரு குறை இல்லை. 5052-க்கு இதெல்லாம் தேவையே இல்லை.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை மட்டும் சூடாக்காதீர்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும்.

ஓட்டையெல்லாம் மடிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?

முடிந்த வரை முன்னாடி. தட்டையாக இருக்கும்போது அடியில் மரப்பலகை வைத்து, கிளாம்ப் போட்டுத் துளைப்பது எளிது, பாதுகாப்பும்கூட. கிளாம்ப் இல்லாத தகடு ட்ரில் பிட்டோடு சேர்ந்து சுழன்றால் கையை வெட்டிவிடும். கையுறை போட்டுக்கொண்டு ட்ரில் மெஷினில் வேலை செய்யவும் கூடாது, பிட் அதைச் சுற்றி இழுத்துவிடும். மடிப்புக்குப் பக்கத்தில் இருக்கிற ஓட்டை மட்டும் பின்னாடி. ஓட்டையின் விளிம்புக்கும் மடிப்புக்கும் நடுவில் தடிமனைப் போல இரண்டரை மடங்கும், கூட வளைவு ஆரமும் இடைவெளி வேண்டும். 2 மி.மீ. தகட்டில் அது 7 மி.மீ. அதற்கும் நெருக்கமாக இருந்தால் மடிக்கும்போது வட்டம் முட்டை வடிவமாக இழுபடும்.

பிசிறை மடிப்பதற்கு முன்பே அரம் போட்டு எடுத்துவிடுங்கள். மடிப்புக் கோட்டின் இரண்டு முனையிலும் விளிம்பு வழவழப்பாக இருக்க வேண்டும். விரிசல் விடத் தோதான இன்னொரு இடம் அது.

நாலு பக்கமும் மடிக்கணும். மூணாவது பக்கம் கருவியில் நுழையவே மாட்டேங்குது.

ஏற்கெனவே மடித்த சுவர்கள் நீளமான அமுக்குப் பட்டையில் முட்டும். பெட்டியின் உள் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டிய ஒரு குட்டைப் பட்டையைக் கடைசி இரண்டு மடிப்புக்கும் போடுங்கள். அல்லது உள் அளவுக்குக் கடின மரக்கட்டை செய்து, பெட்டியை அதன் மேல் கவிழ்த்து, கிளாம்ப் போட்டு, வைஸ் முறையில் மடியுங்கள். நான்கு மூலையிலும் மடிப்புக் கோடுகள் சந்திக்கிற இடத்தில், தடிமனைப் போல இரண்டு மடங்கு விட்டத்தில் ஒரு துளை போட்ட பிறகே மூலையை வெட்டி எடுக்க வேண்டும். துளை இல்லாவிட்டால் இரண்டு மடிப்பும் ஒன்றையொன்று நெருக்கி மூலை கிழியும்.

ஆனால் தடித்த தகட்டில் நான்கு பக்கமும் மடிக்க ஏன் மெனக்கெட வேண்டும்? இரண்டு ‘ப’ வடிவத் துண்டுகள் போதும். ஒன்றில் அடி, முன், பின். இன்னொன்றில் மேல், இரண்டு பக்கம். ஒவ்வொன்றிலும் இரண்டே மடிப்பு. கீழ்த் துண்டின் ஓரங்களில் குட்டி ஆங்கிள் துண்டுகளை ரிவிட் அடித்து, அதில் மூடியைத் திருகினால் ஆயிற்று. பின்னால் பழுது பார்க்கும்போது திறப்பதும் சுலபம்.

தப்பான இடத்தில் மடிச்சுட்டேன். நிமிர்த்தி மறுபடி மடிக்கலாமா?

சில டிகிரி திருத்தலாம். 90 டிகிரி மடித்ததை நிமிர்த்தக் கூடாது. மடிந்த இடம் ஏற்கெனவே இறுகியிருக்கும், திரும்ப விரித்தால் விரிசல் விடும். உடனே தெரியாவிட்டாலும் பாரம் ஏறும்போது விடும். நிமிர்த்தியே ஆக வேண்டும் என்றால் மேலே சொன்ன மாதிரி சோப்பு வைத்து இளக்கிவிட்டுச் செய்யுங்கள்.

பெயின்ட் அடிச்சாச்சு. எர்த் கம்பியை எந்த போல்ட்டில் வேணும்னாலும் மாட்டலாமா?

கூடாது. எர்த்துக்கென்று தனி போல்ட் வேண்டும், மின்கம்பி உள்ளே நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில். டிரான்ஸ்ஃபார்மரைப் பிடிக்கிற போல்ட்டில் மாட்டினால், டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றுகிற அன்று எர்த்தும் போய்விடும். போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் தெரியவையுங்கள். அனோடைஸ் செய்த அலுமினியத்திலும் சுரண்ட வேண்டும், அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. அலுமினியத்தில் சாதாரண ஈயப்பற்று ஒட்டாது. வளைய முனையைக் கம்பியில் அழுத்திப் பொருத்தி, ஸ்டார் வாஷர் போட்டு, நட்டை இறுக்கி, அதன் மேல் இன்னொரு நட்டால் பூட்டுங்கள்.

பெட்டி இரண்டு துண்டாக இருந்தால் மூடிக்கும் எர்த் போக வேண்டும். பெயின்ட்டுக்கு மேல் திருகிய மூடி தனித்துத் தொங்குகிற உலோகம்தான். கீழ்த் துண்டிலிருந்து அதற்கு ஒரு கம்பி கொடுங்கள். கடைசியில், மின் இணைப்பு கொடுப்பதற்கு முன், மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு வருகிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிளக்கின் எர்த் முனைக்கும் பெட்டியின் ஒவ்வொரு உலோகப் பகுதிக்கும் இடையில் அளந்து, அந்த எண்ணைக் கழியுங்கள். கம்பியின் தடையோடு சேர்த்தே அரை ஓமுக்கும் கீழே, அசையாமல் நிற்க வேண்டும். கம்பியை ஆட்டும்போது எண் துள்ளினால், பிளக்கைச் சொருகாமல் போல்ட்டைக் கழற்றி மறுபடி சுரண்டுங்கள்.